கிளைப்பெயரும் புறனடை விதியும்

தோற்றுவாய்

பெயரில்லாப் பொருளை அழைத்தல் அரிது. பெயர் உடையதாயினும் அஃது எவ்விடத்ததெனத் தெரியாவிடின் அப்பொருளை அடைதல் அதனினும் அரிது. நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்னும் சங்கப் புலவரின் பெயரை நோக்குக. முதற்கண் ஊர், பின்னர் அவ்வூரினுள் ஒரு சேரி, ஈற்றில் புலவர். அப்பெயர் பூண்டார் வேறு பலர் இருப்பினும், இன்ன ஊரில் இன்ன சேரியினர் என்பதனால் ஐயம் நீங்குகின்றது. இணையத்தின்கண் வழங்கும் பெயர்களும் இம்முறையினவே. வரிசை மட்டும் மறுதலையாய் அமைந்துள்ளது. முடமோசியார், ஏணிச்சேரி, உறையூர் என இடையிடையே புள்ளி வைத்து எழுதினாற்போல, சிறியது முன்னும் பெரியது பின்னுமாக அவை நிற்கும்.

பெரும்பெயர் ஒன்றின்கீழ் வைக்கப்படும் சிறுபெயரைச் சப்டொமைன் என்பர். ஈண்டு அதனைக் கிளைப்பெயர் என்றும், அது சார்ந்து நிற்கும் பெரும்பெயரைத் தாய்ப்பெயர் என்றும் வழங்குவோம். கிளைப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கையால் இடாது, அவை தாமே அமையுமாறு செய்யும் வழி யாது, அவ்வழிச் செல்வார் காக்கவேண்டிய நெறி யாது என்பனவே இக்கட்டுரையின் பொருள். இலக்கணம் பயிலும் மாணவனுக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனின், அதன் வரலாற்றை முதலிற் கூறுவேன்.

கையால் இட்ட கதை

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவர் 46 பேர் விடுமுறைக்குத் தத்தம் ஊர் சென்று, ஆங்கு வழங்கும் வயற்பெயர், குளப்பெயர், தெருப்பெயர் முதலியவற்றைத் தொகுத்து வந்தோம். ஒவ்வொருவர் தொகுப்பும் அவரவர் ஊர்ப்பெயராலேயே இணையத்தில் ஒரு தனியில்லம் பெறல்வேண்டும் என முடிவாயிற்று. வாடகைக்குப் பெற்ற ஹோஸ்டிங் கணக்கு ஒன்றும் தாய்ப்பெயர் ஒன்றும் எமக்கு இருந்தன. கணிப்பொறியை ஓரளவு அறிந்தவன் என்னும் ஒரு காரணம் பற்றிப் பெயரிடும் பணி என்பால் வந்தது.

ஓரிரவு முழுதும் விழித்திருந்து 46 பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதினேன். விடியற்காலையில் எழுதிய ஒரு பெயரில் ஓரெழுத்து விடுபட்டதை யான் அறியேன். அவ்வூர் நண்பனின் தந்தையார் ஓர் உழவர். மகன் கூறிய முகவரியை மறுநாள் அண்டை வீட்டார் சூழ்ந்திருக்கத் தம் கைப்பேசியில் இட்டுப் பார்த்தார். அப்படி ஓர் இடமே இல்லை என்பது விடையாக வந்தது. மற்றையோர் தொகுப்புகள் தோன்றத் தம் மகனது தொகுப்பு மட்டும் தள்ளப்பட்டதுபோலும் என எண்ணி அவர் வருந்தினார். எழுத்தைத் திருத்திய பின்னரும் சிறிதுநேரம் அதே விடையே வந்தது. இதன் காரணம் யான் அன்று அறியாதது. அதனைத் தேடப் புகுந்தே இப்பொருளைக் கற்றேன்.

பெயர்ப்பதிவின் அமைதி

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும். மக்களோ பெயரால் அறிவர். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு ஒன்று இடையே வேண்டியதாயிற்று. தொடக்கத்தில், அமெரிக்க நாட்டில் ஆர்ப்பாநெட் என்னும் வலையிற் சேர்ந்த பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டன. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பைன்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் அப்பட்டியல் பேணப்பட்டது. புதுப்பொறி சேருந்தோறும் அந்நிலையத்தார்க்கு அறிவித்தல் வேண்டும். அவர் எழுதிய பின்னர் ஏனையோர் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். பொறிகள் பெருகப் பெருக இம்முறை தாங்காதாயிற்று.

1983-ஆம் ஆண்டில் பால் மொக்கபெட்ரிஸ் என்பார் டி.என்.எஸ். என்னும் முறையை வகுத்தார். 1987-இல் வெளிவந்த திருந்திய விதிகளே இன்றளவும் அதற்கு அடிப்படையாவன. பட்டியல் முழுவதையும் ஒருவரே காவாது, ஒவ்வொரு பெயருக்கும் உரியவர் தம் கீழுள்ள பெயர்களைத் தாமே காத்தல் வேண்டும் என்பதே அம்முறையின் உயிர்நிலை. ஊரின் பெயரை ஊரார் காப்பர். சேரியின் பெயரைச் சேரியார் காப்பர். வீட்டின் பெயரை வீட்டார் காப்பர். ஆகவே தாய்ப்பெயர் ஒன்றை உடையவன், அதன்கீழ்க் கிளைப்பெயர் இடுதற்கு எவரையும் இரத்தல் வேண்டா. அவ்வுரிமை அவனுடையதே, பிழை நேரின் அப்பிழையும் அவனுடையதே.

ஒருவர் ஒரு பெயரைத் தேடுங்கால், அவர்பொருட்டு வினவும் சர்வர் முதலில் வேர்ப்பதிவையும், அடுத்து ஈற்றுப்பெயருக்குரிய பதிவையும், அதன்பின் தாய்ப்பெயருக்குரிய பதிவையும் முறையே வினவிச் செல்லும். பெற்ற விடையை, அதிற் குறித்த காலம்வரை நினைவிற் கொள்ளும். 3600 நொடி எனக் குறித்திருப்பின் ஒரு மணிநேரம் மீண்டும் வினவாது. ஈண்டுக் கருதற்பாலது ஒன்றுண்டு. 'உண்டு' என்னும் விடையைப் போலவே 'இல்லை' என்னும் விடையும் நினைவில் வைக்கப்படும். நண்பனின் தந்தையார்க்குத் திருத்திய பின்னரும் பழைய விடையே வந்தமைக்குக் காரணம் இதுவே. ஆகவே பெயரை இடுமுன் அதனைத் தேடிப் பார்த்தல் ஆகாது. இட்ட பின்னரே தேடுதல் முறை.

எடுத்துக்காட்டு

மேல் வருவனவற்றை விளக்க ஒரு தாய்ப்பெயர் வேண்டும். பிறர்க்கு உரிய பெயரைக் கொள்ளுதல் தகாது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் முழுப்பெயரும் அமையுமாவென ஆராய்தற்பொருட்டு, 2007-ஆம் ஆண்டில் 11 சோதனைப் பெயர்கள் வேர்ப்பதிவில் இடப்பட்டன. தமிழில் இடப்பட்டது 'பரிட்சை' என்னும் ஈற்றுப்பெயர்; அதன்கீழ் அமைந்தது 'உதாரணம்.பரிட்சை' என்பது. சோதனை முடிந்தபின் 2013-இல் அவை நீக்கப்பட்டன. இன்று அஃது எவர்க்கும் உரித்தன்று ஆகலின் நாம் எடுத்தாளலாம். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்னும் ஈற்றுப்பெயர்கள் இன்று தமிழெழுத்திலேயே வழங்குகின்றன.

தமிழில் எழுதிய பெயர் உள்ளே அவ்வாறே செல்வதில்லை. 2003-இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு என்னும் முறையால் அது சிற்றெழுத்து, எண், சிறுகோடு ஆகியவற்றால் ஆகிய தொடராக மாற்றப்படும். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. மாற்றிய வடிவம் நீளுமாதலின் நெடிய தமிழ்த்தொடரைக் கிளைப்பெயராக இட விரும்புவார் இதனைக் கருத்திற் கொள்க.

உடுக்குறி என்னும் புறனடை

இலக்கண நூலார் விதிகள் பலவற்றைக் கூறி, அவற்றுள் அடங்காது எஞ்சி நிற்பனவற்றைத் தழுவுதற்கு இறுதியிற் புறனடை ஒன்று கூறுவர். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு விதி கூறப்புகின் நூல் முடிவுபெறாது. டி.என்.எஸ். முறையிலும் இத்தகைய புறனடை ஒன்றுண்டு என்பதை அறிந்தபொழுது யான் அடைந்த உவகைக்கு அளவில்லை.

அப்புறனடையின் வடிவம் ஓர் உடுக்குறி. கிளைப்பெயர் நிற்கும் இடத்தில் அதனை எழுதி, ஒரு சர்வரின் ஐ.பி. எண்ணை எதிரே குறித்துவிடின், தாய்ப்பெயரின்கீழ்த் தனிப்பதிவு இல்லாத எப்பெயரை வினவினும் அவ்வெண்ணே விடையாக வரும். 46 பதிவுகள் செய்யும் தொழிலை ஒரு பதிவு செய்யும். நாளை 4,600 பெயர்கள் வரினும் அதற்கு மேலொன்றும் எழுதவேண்டா.

ஆயினும் பொதுவிதிக்கு எல்லை உண்டு. அவ்வெல்லைகளை 2006-ஆம் ஆண்டில் தனியொரு விதிநூல் தெளிவுபடுத்தியது. அவற்றுள் இன்றியமையாதன மூன்று.

முதலாவது, உடுக்குறி தனித்து நிற்றல் வேண்டும். 'குறி' என எழுதிப் பக்கத்தில் உடுக்குறி சேர்த்து, குறிஞ்சியையும் குறிச்சியையும் ஒருங்கே தழுவ நினைத்தல் பயனில் முயற்சியாம்.

இரண்டாவது, சிறப்புவிதி உள்ளவிடத்துப் பொதுவிதி செல்லாது. 'முல்லை.உதாரணம்.பரிட்சை' என்னும் பெயருக்கு எவ்வகையான தனிப்பதிவு இருப்பினும், அப்பெயரைப் பொறுத்தமட்டில் உடுக்குறி விலகிக்கொள்ளும். அத்தனிப்பதிவு ஒரு குறிப்புரைப் பதிவாக மட்டும் இருந்து, ஐ.பி. எண் அதிற் கூறப்படாதாயினும், அவ்வெண்ணை உடுக்குறி தாராது. முல்லைக்கு மட்டும் இல்லம் தோன்றாமை கண்டு மயங்குவார் இவ்விதியை நினைக்க.

மூன்றாவது, முல்லை என்னும் தனிப்பெயர் இருக்குமாயின், 'குளம்.முல்லை.உதாரணம்.பரிட்சை' எனும் பேரக்கிளையையும் தாய்ப்பெயரின் உடுக்குறி தழுவாது. முல்லைக்குத் தனிப்பதிவு இல்லையாயின் அப்பேரக்கிளையையும் தழுவும்.

வாயிலும் இல்லமும்

பெயர் எண்ணாயிற்று, எண் சர்வரைக் காட்டிற்று. ஒரே சர்வரில் பல இல்லங்கள் இருக்க, வந்தவர் எவ்வில்லத்தை நாடி வந்தார் என அது எவ்வாறு அறியும்? வருகின்ற வேண்டுகோளிலேயே நாடிய பெயரும் எழுதப்பட்டிருக்கும். 1997-இல் வெளிவந்த எச்.டி.டி.பி. 1.1 என்னும் விதிநூல் இதனைக் கட்டாயமாக்கிற்று. ஓரெண்ணின்கீழ் ஆயிரம் இல்லங்கள் வாழ்வது இதனாலேயே.

ஆகவே பதிவேட்டில் உடுக்குறி இட்டமட்டில் பணி முடியாது; சர்வரும் அதனை ஏற்குமாறு அமைத்தல் வேண்டும். அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளில், வந்த பெயரின் முதற்பகுதியை எடுத்து அதே பெயருடைய கோப்புறையைத் திறக்குமாறு ஒரே வரியில் ஆணையிடலாம். குறிஞ்சி என்னும் கோப்புறையை உண்டாக்கிய கணமே குறிஞ்சியின் இல்லமும் அமைந்துவிடும். சர்வர் முழுதும் தம் ஆட்சியில் உள்ளார்க்கு இவ்வழி பொருந்தும்.

எம்மைப் போல வாடகைக் கணக்கு உடையார்க்கு அவ்வாட்சி இல்லை. சிபேனல் முதலிய ஆட்சிப் பலகைகளின் வாயிலாகவே அவர் பணிசெய்தல் வேண்டும். அவர்க்கு இரண்டு வழிகள் உள. கிளைப்பெயர்க் கட்டத்தில் உடுக்குறி இட்டு, எல்லாப் பெயர்களையும் ஒரே கோப்புறைக்கு அனுப்பி, ஆங்குள்ள சிறு நிரல் ஒன்று வந்த பெயரைப் படித்து உரிய பக்கத்தைத் தருமாறு செய்தல் ஒன்று. மனிதன் கையால் அழுத்தும் பொத்தான்களின் தொழிலை நிரலே செய்தற்கு அப்பலகை வைத்துள்ள ஏ.பி.ஐ. என்னும் வாயிலின் வழியாக, பெயர்தோறும் கிளைப்பெயர் சேர்க்கும் கட்டளையை விடுத்தல் மற்றொன்று.

யான் முதலில் மேற்கொண்டது உடுக்குறி வழி. எழுத்து விடுபட்டதென்னும் குறை அன்றே ஒழிந்தது. ஆனால் வேறொரு குறை தலைகாட்டியது. தவறான பெயரை இட்டார்க்கும் 'இல்லை' என்னும் விடை வரவில்லை. பொருந்தும் இல்லம் காணாதவிடத்துப் பட்டியலின் முதற்பக்கத்தைக் காட்டுமாறு யான் நிரலை எழுதியிருந்தேன். ஆகவே தம் ஊர்ப்பெயரைப் பிழைபட எழுதியவர்கள் அயலூர்க் குளங்களின் பெயரைத் தம் ஊரின்கீழ்க் கண்டனர். இல்லாததை 'இல்லை' எனக் கூறுதலும் ஒரு பதிவேட்டின் கடமையே. எனவே உடுக்குறியை ஆளும் நிரல், வந்த பெயர் தன் ஏட்டில் உளதா என முதலில் நோக்கி, இல்லையாயின் 404 என்னும் மறுமொழியைத் தருதல் வேண்டும்.

சான்றிதழ்

இக்காலத்து இல்லங்கள் மறைகாப்பு உடையனவாதல் வேண்டும். அதற்குச் சான்றிதழ் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் நிலையம் 2018-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள்முதல் உடுக்குறிச் சான்றிதழ்களையும் விலையின்றி வழங்குகின்றது. தாய்ப்பெயர் நம்முடையதே என்பதை மெய்ப்பித்தற்கு, அந்நிலையம் கூறும் குறிப்புச்சொல்லைப் பெயர்ப்பதிவில் எழுதிக் காட்டல் வேண்டும். இச்சான்றிதழ்கள் குறுகிய கால எல்லை உடையன. ஆகலின் அவற்றைப் புதுப்பித்தலும் தானே நிகழுமாறு அமைத்தல் வேண்டும்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தல் கூடாது. பெயர்ப்பதிவின் உடுக்குறி பல படிகளையும் தழுவும். சான்றிதழின் உடுக்குறியோ ஒரே படியைத் தழுவும். குறிஞ்சிக்கு அது செல்லும், குறிஞ்சியின்கீழ் உள்ள சுனைக்குச் செல்லாது, தாய்ப்பெயருக்கும் செல்லாது. தாய்ப்பெயரைத் தனியே சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

நீக்காத பெயரால் வந்த இழுக்கு

இதுகாறும் கூறியவை இடுதல் பற்றியன. நீக்குதல் பற்றிக் கூறுதற்கே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

எமக்கு முன் பயின்ற மாணவர் ஒருவர், தம் தொகுப்பை எம் கணக்கில் வையாது, வெளியே இலவசமாக இடம்தரும் ஒரு நிலையத்தில் வைத்திருந்தார். அவர் பெயரை அவ்விடத்திற்குத் திருப்பும் மறுபெயர்ப் பதிவு ஒன்று எம் ஏட்டில் இருந்தது. படிப்பு முடிந்து சென்றவர் அவ்விலவசக் கணக்கை மூடிவிட்டார். ஏட்டிலிருந்த பதிவு அவ்வாறே நின்றது. உடுக்குறி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என எண்ணி, பழைய தனிப்பதிவுகளை யான் புரட்டிப் பார்க்கவில்லை. சிறப்புவிதி நிற்குமளவும் பொதுவிதி செல்லாது என்பதை மேலே கூறினேன் அன்றோ? அப்பழம்பதிவு உடுக்குறிக்கு அடங்காது தன் வழியே சென்றுகொண்டிருந்தது. வெளியே ஒருவர் அந்நிலையத்தில் அவ்விடத்தைத் தமதாக்கிக்கொண்டு சூதாட்ட விளம்பரம் ஒன்றை வைத்தார். எம் தாய்ப்பெயரின்கீழ், எம் மூத்த மாணவரின் ஊர்ப்பெயரில், அவ்விளம்பரம் தோன்றியது.

ஆசிரியர் ஒருவர் அதனை முதலிற் கண்டு என்னை அழைத்துக் காட்டினார். அவர் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. "இந்த ஏட்டைப் பார்ப்பவர் யார்?" என்று மட்டும் வினவினார். அவ்வினாவிற்கு விடை யானே. அம்மூத்த மாணவர் பிழை செய்தாரல்லர்; தம் இல்லத்தைத் தாமே மூடிச் சென்றார். பெயரை எடுத்துவிடுவது ஏடு வைத்திருந்த என் கடமை. பதிவை அப்பொழுதே நீக்கினேன். எனினும் விடை நினைவிலிருந்த காலமளவும் சிலர் அதனைக் கண்டிருப்பர் என்னும் எண்ணம் என்னை விட்டு அகலவில்லை.

யாம் இன்று கைக்கொள்ளும் முறை

அன்றுமுதல் உடுக்குறியை நீக்கி ஏட்டு வழியைக் கைக்கொண்டோம். உரிய பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலில் எழுதப்படும். ஒவ்வொன்றன் எதிரிலும் பொறுப்பாளரும் முடிவுநாளும் குறிக்கப்படும். இரவுதோறும் ஒரு நிரல் இப்பட்டியலைப் படித்து நான்கு பணிகளைச் செய்யும்.

1. புதுப்பெயரின் எழுத்தமைதியையும் நீளத்தையும் நோக்கும். முதலிலும் ஈற்றிலும் சிறுகோடு வருதலை விலக்கும். அஞ்சலுக்கும் ஆட்சிக்கும் உரிய பெயர்களை எவர் கேட்பினும் மறுக்கும்.

2. பட்டியலில் இருந்து இல்லம் இல்லாத பெயருக்கு, ஏ.பி.ஐ. வாயிலாகப் பதிவையும் கோப்புறையையும் உண்டாக்கும்.

3. இல்லம் இருந்து பட்டியலில் இல்லாத பெயருக்கு, முதலிற் பதிவை நீக்கும். அதன்பின்னரே கோப்புறையை அகற்றும். வெளியிடத்தைச் சுட்டும் பெயராயின், பதிவு நீங்கியபின்னரே வெளியிடத்தை மூடுதல் வேண்டும். வரிசை பிறழின் முன் கூறிய இழுக்கு மீண்டும் நேரும்.

4. செய்தவற்றைச் சுருக்கமாக எழுதி அஞ்சலில் எனக்கு அறிவிக்கும்.

பெயர் எண்ணிறந்தனவாய், கணந்தோறும் புதியன தோன்றும் இடங்களில் உடுக்குறியே தக்கது. 46 பெயர்க்கு ஏடே தக்கது. எவ்வழியாயினும் ஏடு இன்றி அமையாது.

முடிவுரை

புறனடை நூலுக்குத் துணையாகும், தானே நூலாகாது. விதிகளைச் செவ்வனே அமைத்தவனுக்கே புறனடை பயன்படும். விதியை மறந்தவனுக்கு அஃது ஒரு திரையாகி அவன் பிழைகளை மறைக்கும். உடுக்குறியும் அத்தகையதே. தானியங்கும் பொறி பெயரிடும் உழைப்பைக் குறைக்குமேயன்றிப் பெயரிட்டவனது பொறுப்பைக் குறைக்காது. பரிட்சை என்னும் ஈற்றுப்பெயரை வேர்ப்பதிவில் இட்டவர்கள், பணி முடிந்ததும் அதனைத் தாமே நீக்கினர். பெயரிடுவார் அனைவர்க்கும் அஃது ஒரு நல்ல பாடமாகும்.

நண்பனின் தந்தையார் சென்ற திங்களில் மகனைக் காண வந்திருந்தார். தம் ஊரில் மூத்தோர் மட்டுமே அறிந்த குளப்பெயர் ஒன்று அத்தொகுப்பில் இருப்பதை எடுத்துக்காட்டி, "இது போகாமல் இருக்குமா?" என்று என்னை வினவினார். "பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறது, ஐயா, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது" என்றேன். யான் வெளியேறும் ஆண்டில் இவ்வேட்டை ஏற்கும் இளைய மாணவர்க்கு இக்கட்டுரை பயன்படுமாயின், என் பிழைகளும் ஒருவாறு பயன்பட்டனவாம்.